அயலாரும் அவையும்: பாராளுமன்றச் செய்தியாளர் மாடத்தின் வரலாறு

தோற்றுவாய்

மக்களாட்சியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலரும் தேர்தல்களைப் பற்றியும் சட்டங்களைப் பற்றியும் தலைவர்களைப் பற்றியும் விரித்துரைத்துள்ளனர். அவையின் வாயிலைப் பற்றி எழுதினோர் மிகச் சிலரே. வாயில் சிறிய பொருள் போலத் தோன்றும். ஆயினும் யார் உள்ளே புகலாம், புகுந்தோர் எங்கே அமரலாம், கண்டதையும் கேட்டதையும் வெளியே சென்று கூறலாமா என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை அவ்வாயிலில்தான் உள்ளது. இம்மூன்றனுள் இறுதி வினாவிற்கு நம் அரசியலமைப்பு தெளிவான விடை தந்துள்ளது. ஏனைய இரண்டும் இன்றும் அவைத்தலைவரின் ஆணைக்கு உட்பட்டனவாகவே நிற்கின்றன. கூறும் உரிமை சட்டமாயிற்று. காணும் வாய்ப்போ சலுகையாகவே இருந்துவிட்டது. இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றிற்று, அதனால் விளைவது யாது என்பவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

தலைநகரத்து அவையின் வாயிலைப் பற்றிய ஆராய்ச்சியை நெய்வேலியிலிருந்து தொடங்குவானேன் எனச் சிலர் வினவலாம். அவ்வினாவிற்கு விடை கூறுதலே இக்கட்டுரையின் முதற்கடன்.

நெய்வேலியும் பாராளுமன்றமும்

தென்னார்க்காட்டுச் செம்மண் பூமியில் 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்திற் கிணறு தோண்டியபொழுது வெளிப்பட்ட கரும்பொருளே நெய்வேலியின் தோற்றத்திற்கு வித்தாயிற்று. அதன்பின் நில ஆராய்ச்சிகள் பல நிகழ்ந்தன. 1956 நவம்பர் 14 ஆம் நாள் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிக் கழகம் பதிவு செய்யப்பெற்றது. 1957 மே 20 ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 இல் நிலக்கரி வெளிப்பட்டது. 1962 இல் மின்னாக்கம் தொடங்கிற்று. வட்டங்களாக வகுக்கப்பெற்ற நகரியமும் சுரங்கங்களும் அனல்மின் நிலையங்களும் ஒரே நிறுவனத்தின் ஆட்சியின்கீழ் அமைந்தன. 2016 இல் அந்நிறுவனத்தின் பெயர் மாற்றம் பெற்றது. உடைமை முறையின் அடிப்படை மாறவில்லை. பெரும்பான்மைப் பங்குகள் குடியரசுத் தலைவர் பெயரிலேயே உள்ளன.

இதனாற் பெறப்படுவது ஒன்று உண்டு. பிற ஊர்களில் வாழ்வோர்க்குப் பாராளுமன்றம் தொலைவில் உள்ள ஓர் அவை. நெய்வேலியில் வாழ்வோர்க்கோ அது தம் ஊரின் உடைமையாளரைக் கேள்வி கேட்கும் மன்றம். நிறுவனத்தின் ஆண்டறிக்கையும் கணக்கும் அம்மன்றத்தின் மேசைமேல் வைக்கப்பெறுகின்றன. அதன் இலாபம், விபத்து, நில எடுப்பு, ஒப்பந்தத் தொழிலாளர் நிலை ஆகியவற்றைக் குறித்து அமைச்சர் விடை கூற வேண்டிய இடம் அதுவே. 2006 இல் பங்கு விற்பனை முயற்சி எழுந்து, தொழிலாளர் எதிர்ப்பாலும் தமிழகக் கட்சிகளின் எதிர்ப்பாலும் கைவிடப்பெற்றது. 2013 இல் மீண்டும் அம்முயற்சி எழுந்தபொழுது, விற்கப்பெற்ற பங்குகளைத் தமிழ்நாட்டு அரசின் நிறுவனங்கள் வாங்கின. 2023 சூலையில் வளையமாதேவிப் பகுதியில் விளைந்து நின்ற நெற்பயிரின் ஊடே கால்வாய் வெட்டப்பெற்றது பெருங் கிளர்ச்சிக்குக் காரணமாயிற்று. இவையெல்லாம் நெய்வேலி வட்டாரத்து மக்களின் வாழ்வைத் தொட்ட செய்திகள். ஆயினும் இவற்றின் முடிவிடம் தில்லி.

சுரங்கத்திற் பணிபுரியும் ஒருவர் தில்லி சென்று அவையின் மாடத்தில் அமர்ந்து தம் ஊரைப் பற்றிய விவாதத்தைக் கேட்டல் இயல்வதன்று. அவர் பொருட்டு வேறொருவர் அங்கே அமர்ந்து கேட்கின்றார். அவ்வேறொருவரே செய்தியாளர். ஆதலின் செய்தியாளர்க்குத் தரப்பெறும் நுழைவுச்சீட்டு உண்மையில் யாருடையது என்னும் வினா, செய்தித்தாள் நடத்துவோர்க்கு மட்டும் உரிய வினா அன்று. நெய்வேலியின் வினாவும் ஆகும்.

யாவரும் காண

தமிழகத்துப் பழைய அவைகளில் இத்தகைய வினா எழுந்ததோ என நோக்குதல் தமிழாராய்வார்க்கு இயல்பே. உத்தரமேரூரில் உள்ள முதற் பராந்தக சோழனின் கல்வெட்டுக்கள், 919 ஆம் ஆண்டினதும் 921 ஆம் ஆண்டினதும், குடவோலை முறையை விரித்துக் கூறுவன. உறுப்பினராதற்குரிய தகுதிகளைப் பலரும் எடுத்துக்காட்டியுள்ளனர். யாம் கருதுவது அவற்றுள் வேறொரு பகுதியை. மகாசபை இளையோர் முதியோர் உட்படக் கூடுகின்றது. நம்பிமாருள் மூத்தவர் ஒருவர் குடத்தை எல்லோரும் காணும்படி உயர்த்திக் காட்டுகின்றார். உள்ளிருப்பதை அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுக்கின்றான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதனை ஏற்று வாசிக்கின்றான். பின்னர் அங்கிருந்த நம்பிமார் அனைவரும் வாசிக்கின்றனர். அதன் பின்னரே பெயர் எழுதப்பெறுகின்றது.

இதனைக் கொண்டு அக்காலத்தே செய்தியாளர் மாடம் இருந்தது எனக் கூறப் புகுதல் நகைப்பிற்கு இடமாகும். அச்சபை பிரமதேய ஊரின் சபை. அதன் உறுப்புரிமை சிலர்க்கே உரியது. ஆயினும் ஒன்று தெளிவு. செயல் நேர்மையாக நிகழ்ந்தாற் போதாது, அது நேர்மையாக நிகழ்ந்ததைப் பிறர் கண்டிருத்தலும் வேண்டும் என்னும் கருத்து அக்கல்வெட்டை வரைந்தோர்க்கு இருந்தது. விரித்த விரல்களைக் கல்லிற் பொறித்தமைக்கு வேறு காரணம் காண்டல் அரிது.

‘அயலார்’ என்னும் சொல்

இன்றைய பாராளுமன்ற விதிகள் இம்மரபிலிருந்து வந்தன அல்ல. இங்கிலாந்தின் மரபிலிருந்து வந்தவை. அம்மரபில் உறுப்பினர் அல்லாத யாவரும் ‘ஸ்ட்ரேஞ்சர்’ எனப்பட்டனர். தமிழில் அதனை அயலார் எனலாம். அரசனின் சினத்திற்கு அஞ்சிய உறுப்பினர், தாம் பேசியது வெளியே போகாதிருத்தற்பொருட்டு அயலாரை விலக்கினர். தொடக்கத்தில் இது மன்னனிடமிருந்து மக்களின் சார்பாளரைக் காக்கும் அரணாக இருந்தது. மன்னனின் அச்சம் நீங்கிய பின்னரும் அரண் நீங்கவில்லை. அது மக்களிடமிருந்தே அவையை மறைக்கும் திரையாயிற்று. 1738 இல் காமன்ஸ் சபை தன் விவாதங்களை அச்சிடுதல் உரிமை மீறல் எனத் தீர்மானித்தது.

1771 இல் அத்தீர்மானம் சோதனைக்கு உள்ளாயிற்று. விவாதங்களை அச்சிட்டோரைப் பிடிக்க அவை ஆள் அனுப்பிற்று. இலண்டன் மாநகரத் தலைவர் பிராஸ் கிராஸ்பி அச்சகத்தாரை விடுவித்தார். அதன் பொருட்டுத் தாமே கோட்டைச் சிறைக்குச் சென்றார். மக்கள் அவர் பக்கம் நின்றனர். அதன்பின் தடை ஏட்டில் இருந்தது, செயலில் இல்லை. 1803 இல் அயலார் மாடத்தின் பின்வரிசையில் செய்தியாளர்க்கு இடம் ஒதுக்கப்பெற்றது. 1834 இல் பாராளுமன்றக் கட்டடம் தீப்பற்றி அழிந்தபின், 1835 இல் அமைந்த தற்காலிக அவையிலேதான் அவர்க்கெனத் தனி மாடம் கிடைத்தது. பழைய சுவர்கள் எரிந்த பின்னரே புதிய இருக்கை கிடைத்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அப்பொழுதும் அவர் அயலாரே. உறுப்பினர் ஒருவர் எழுந்து அயலாரைக் காண்பதாகக் கூறினால் மாடங்கள் முழுவதும் ஒழிக்கப்பெற வேண்டும் என்பது வழக்கு. 1875 இல் அயர்லாந்து உறுப்பினர் பிகர் அவ்வாறு கூறவே, மாடத்தில் அமர்ந்திருந்த வேல்ஸ் இளவரசரும் வெளியேற நேர்ந்தது. பட்டத்திற்குரிய இளவரசரே வெளியேறியபின் அவைக்கு அவ்விதியின் பொருந்தாமை விளங்கிற்று. மாடங்களை ஒழிக்க அவையின் வாக்கெடுப்பு வேண்டும் என்னும் திருத்தம் அதன்பின் எழுந்தது. ‘அயலார்’ என்னும் சொல்லையே காமன்ஸ் சபை 2004 இல் கைவிட்டது.

இந்திய மக்களவையின் விதிகளிலோ அச்சொல் நிலைத்துவிட்டது. அவையில் அயலார் புகுதலை அவைத்தலைவரின் ஆணைகள் ஒழுங்குபடுத்தும் என்பது 386 ஆம் விதி. அவர் தக்கது எனக் கருதும்பொழுது அயலாரை வெளியேறப் பணிக்கலாம் என்பது 387 ஆம் விதி. விதிநூல் வகுத்த இப்பிரிவில் செய்தியாளர்க்கெனத் தனி நிலை இல்லை. பொழுது போக்கிற்காக வந்த பார்வையாளரும், நாற்பதாண்டு அவையை நோக்கி எழுதிவரும் செய்தியாளரும் அச்சொல்லின்முன் ஒருவரே. ஒரு சொல்லை மரபென ஏற்கும்பொழுது அச்சொல் சுமந்துவரும் அச்சத்தையும் உடன் ஏற்கின்றோம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இருவகைச் சீட்டு

நடைமுறையில் இருவரிடையே வேறுபாடு உண்டு. பார்வையாளர்க்குச் சீட்டு உறுப்பினர் ஒருவரின் பரிந்துரையால் கிடைப்பது. வருபவரைத் தாம் நேரில் அறிவதாக உறுப்பினர் சான்று கூற வேண்டும். சீட்டு குறித்த நேரத்திற்கே செல்லும். பார்வையாளர் பேசுதலும் கைதட்டுதலும் கூடா, குறிப்பெடுத்தலும் கூடாது. செய்தியாளர்க்கோ குறிப்பெடுத்தலே தொழில். மேல்நோக்கிற் சிறிதாகத் தோன்றும் இவ்வேறுபாடே செய்தியாளர் மாடத்தின் உயிர்நிலை. பார்வையாளர் கண்டு செல்ல வந்தவர்; செய்தியாளர் எடுத்துச் செல்ல வந்தவர்.

செய்தியாளர்க்குரிய சீட்டும் ஒரே வகையினது அன்று. அரசின் செய்தித் தகவல் நிறுவனம் தரும் அங்கீகாரம் ஒன்று. அது அரசு அலுவலகங்களின் கதவைத் திறப்பது. பாராளுமன்ற மாடத்திற்கான சீட்டு மற்றொன்று. அது அவைத்தலைவரின் அதிகாரத்தில் நிற்பது. அவருக்கு இதில் அறிவுரை கூறப் பத்திரிகையாளரைக் கொண்ட ஆலோசனைக்குழு ஒன்று அமைக்கப்பெறுதல் வழக்கம். மைய மண்டபத்திற்குச் செல்லும் சீட்டு இவ்விரண்டினும் வேறானது. அங்கே அமைச்சரும் உறுப்பினரும் செய்தியாளரும் அளவளாவுதல் நெடுநாள் மரபாக இருந்தது. முதலாவது ஆட்சித்துறையின் கதவு. ஏனையவை சட்டமன்றத்தின் கதவுகள். ஆட்சித்துறையைக் கேள்வி கேட்கும் மன்றத்தின் கதவு ஆட்சித்துறையின் கையில் இருத்தலாகாது என்பதே இப்பிரிவின் உட்பொருள்.

இவ்வுட்பொருளை நன்குணர்ந்தவர் விட்டல்பாய் பட்டேல். 1929 ஏப்ரல் 8 ஆம் நாள் பகத்சிங்கும் படுகேசுவர தத்தும் மத்தியச் சட்டசபையின் பார்வையாளர் மாடத்திலிருந்து குண்டு வீசினர். காவலை இறுக்க வேண்டும் என்னும் கருத்து எழுந்தது. அவையின் காவல் அரசின் போலீசாரிடம் செல்லாது அவைத்தலைவரிடமே இருத்தல் வேண்டும் என அன்றைய தலைவராகிய பட்டேல் வற்புறுத்தினார். 1929 செப்டம்பரில் அவைக்கெனத் தனிக் காவற்பிரிவு அமைந்தது. அயலாட்சிக் காலத்தே, குண்டு வெடித்த அவையில், அவையின் தற்சார்பை விட்டுக்கொடாது நின்ற நிகழ்ச்சி இது.

கூறும் உரிமையின் வளர்ச்சி

விடுதலைக்குப்பின் எழுந்த முதற்சிக்கல் வாயிலைப் பற்றியது அன்று, கூறுதலைப் பற்றியது. அவையில் உறுப்பினர் பேசுவதற்கு வழக்கின்மை என்னும் காப்பு உண்டு. அதனை உண்மையாக எடுத்து அச்சிடும் பத்திரிகைக்கு அக்காப்பு இல்லை. இக்குறையைப் போக்கும்பொருட்டுப் பெரோஸ் காந்தி கொணர்ந்த தனி உறுப்பினர் மசோதா 1956 இல் சட்டமாயிற்று. பாராளுமன்ற நடவடிக்கைகளைப் பற்றிய பெரும்பாலும் உண்மையான செய்தி, தீய நோக்கின்றிப் பொதுநன்மைக்காக வெளியிடப்பெறின், அதன்மேல் வழக்கில்லை என்பது அச்சட்டத்தின் சாரம். மாநிலச் சட்டசபைகளுக்கு அது செல்லாது. அடுத்த ஆண்டிலேயே அவர் முந்த்ரா விவகாரத்தை மக்களவையில் எழுப்பி, ஆயுள் காப்புக் கழகத்தின் முதலீடுகளை ஆராயச் செய்ததை நோக்குமிடத்து, அச்சட்டத்தின் பயன் விளங்கும். பொதுத்துறை நிறுவனம் ஒன்றன் பணம் எவ்வாறு செலவாயிற்று என்பதை நாடு செய்தித்தாள் வாயிலாகவே அறிந்தது.

மாநிலங்களில் நிலை வேறாக இருந்தது. 1957 மே 30 ஆம் நாள் பீகார்ச் சட்டசபையில் உறுப்பினர் ஒருவர் ஆட்சியைக் கடுமையாகத் தாக்கிப் பேசினார். அவைத்தலைவர் அதன் பகுதிகளை அவைக்குறிப்பினின்றும் நீக்கினார். மறுநாள் ‘சர்ச்லைட்’ நாளிதழ் நீக்கிய பகுதிகளையும் சேர்த்து வெளியிட்டது. உரிமை மீறல் நடவடிக்கை எழவே, அதன் ஆசிரியர் உச்சநீதிமன்றத்தை அணுகினார். 1958 டிசம்பரில் வந்த தீர்ப்பு ஆசிரியர்க்கு எதிராக அமைந்தது. நீக்கப்பெற்ற பேச்சு சட்டத்தின் கண்ணுக்குப் பேசப்படாத பேச்சே என்பது பெரும்பான்மையோர் கருத்து. நீதிபதி சுப்பாராவ் ஒருவரே மாறுபட்டு, அவையின் உரிமை குடிமக்களின் அடிப்படை உரிமைக்கு மேற்பட்டதன்று என எழுதினார்.

இத்தீர்ப்பிற் பொதிந்துள்ள சிக்கலை வரலாற்று ஆராய்ச்சியாளர் நன்கு உணர்வர். மாடத்தில் இருந்தோர் காதால் கேட்ட ஒன்று, மாலையில் கேட்கப்படாத ஒன்றாகின்றது. பின்னாளில் அவைக்குறிப்பை மட்டும் கொண்டு வரலாறு எழுதுவோர்க்கு அப்பேச்சு இல்லை. மூலச்சுவடியில் ஓர் ஏட்டைக் களைந்துவிட்டு இதுவே முழுநூல் எனத் தருவதை ஒக்கும் இது.

1961 இல் ‘பிளிட்ஸ்’ வார இதழ் ஆசாரிய கிருபளானியைத் தாக்கி எழுதிய கட்டுரைக்காக அதன் ஆசிரியர் கரஞ்சியா மக்களவையின் முன் நிறுத்தப்பெற்று ஆகஸ்டு 29 ஆம் நாள் கண்டிக்கப்பெற்றார். பலரும் நினைவில் வைத்துள்ளது அக்கண்டனத்தையே. யாம் குறிக்க விரும்புவது, அதே தீர்மானத்தால் அவ்விதழின் தில்லிச் செய்தியாளர்க்கு வழங்கியிருந்த மாடச்சீட்டும் மைய மண்டபச் சீட்டும், அவர் மன்னிப்புக் கோரும் வரை நீக்கப்பெற்றன என்பதனை. ஆசிரியர் பெற்றது சொல்லால் வந்த தண்டனை. ஒரு நாளில் முடிந்தது. செய்தியாளர் பெற்றதோ தொழிலைத் தடுக்கும் தண்டனை. சீட்டைத் திரும்பப் பெறுதலும் ஒரு தண்டமாகப் பயன்படக்கூடும் என்பதை நாடு அப்பொழுது கண்டது. அக்கட்டுரையின் தரம் தாழ்ந்தது என்பாரை யாம் மறுக்கவில்லை. தண்டத்தின் வகையே ஈண்டு ஆராயப்படுவது.

1975 இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பெற்றபொழுது பாராளுமன்றச் செய்திகளும் தணிக்கைக்கு உட்பட்டன. செய்தியாளர் பலரின் அங்கீகாரம் நீக்கப்பெற்றது. 1975 டிசம்பரில் பெரோஸ் காந்தியின் சட்டம் அவசரச் சட்டத்தால் அகற்றப்பெற்றது. 1977 இல் ஆட்சி மாறியபின் அது மீண்டும் இயற்றப்பெற்றது. எளிதிற் பறிக்கத்தக்க சட்டமாக மட்டும் இருத்தல் போதாது எனக் கருதிய பாராளுமன்றம், 1978 இன் நாற்பத்து நான்காம் திருத்தத்தால் 361 அ என்னும் உறுப்பை அரசியலமைப்பிற் சேர்த்தது. அது மாநிலச் சட்டசபைகளுக்கும் செல்லும். 1771 இல் இலண்டனில் தொடங்கிய வழக்கு இரு நூற்றாண்டிற்குப்பின் இந்தியாவில் அரசியலமைப்பின் சொல்லாகவே முடிந்தது.

தமிழகச் சட்டசபையும் பத்திரிகைகளும்

உரிமை எழுத்தில் அமைந்தமையால் மட்டும் அவைகளின் மனப்பான்மை மாறிவிடவில்லை என்பதற்குத் தமிழகமே சான்று. 1987 இல் ‘ஆனந்த விகடன்’ அட்டையில் வந்த நகைச்சுவைப் படம் ஒன்றிற்காக அதன் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்குச் சட்டசபை மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. நாடெங்கும் எதிர்ப்பு எழவே சில நாள்களில் விடுவிக்கப்பெற்றார். அத்தண்டனை முறையற்றது எனச் சென்னை உயர்நீதிமன்றம் 1994 இல் தீர்ப்பளித்தது. ஆயிரம் ரூபாய் இழப்பீடும் வழங்கப்பெற்றது.

2003 இன் நிகழ்ச்சி மொழியாராய்வார்க்கு மேலும் சுவை பயப்பது. முதலமைச்சரின் சட்டசபைப் பேச்சை விவரிக்குமிடத்து ‘இந்து’ நாளிதழ் கையாண்ட சில அடைமொழிகளும், பின்னர் அது எழுதிய தலையங்கமும் உரிமை மீறல் எனப்பட்டன. அத்தலையங்கத்தின் தமிழாக்கத்தை வெளியிட்ட ‘முரசொலி’யின் ஆசிரியரும் அக்குற்றத்திற்கு உள்ளானார். நவம்பர் 7 ஆம் நாள் இந்துவைச் சார்ந்த ஐவருக்கும் முரசொலி ஆசிரியர்க்கும் பதினைந்து நாள் சிறை விதிக்கப்பெற்றது. மூன்று நாள்களில் உச்சநீதிமன்றம் கைது ஆணையை நிறுத்தி வைத்தது. பேசியது யாது என்பதில் வழக்கில்லை. பேசிய பாங்கைக் குறித்த பெயரடைகளிலேதான் வழக்கு. ஒரு பேச்சின் சொற்களை அவைக்குறிப்பு தரும். அதன் குரலையும் சினத்தையும் மாடத்தில் இருந்தோரே தர இயலும். அதனைத் தருதலே குற்றமாயின், செய்தியாளர் அவைக்குறிப்பைப் படியெடுப்போர் ஆவர்.

குறுகிய வாயில்

இதுகாறும் கூறியவற்றால், கூறும் உரிமை தளர்ந்தும் நிமிர்ந்தும் வளர்ந்தமை போதரும். இனிக் காணும் வாய்ப்பின் அண்மை வரலாற்றை நோக்குவோம்.

2020 மார்ச்சில் பெருந்தொற்றுக் காரணமாகச் செய்தியாளர் வரவு கட்டுப்படுத்தப்பெற்றது. அந்நோய்க் காலத்தில் இடைவெளி விட்டு அமர்தல் இன்றியமையாதது என்பதை யாரும் மறார். அவ்வாண்டு சூலை 1 ஆம் நாள் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்திற் கொதிகலன் வெடித்துத் தொழிலாளர் பலர் உயிர் துறந்தனர். மே மாதத்திலும் அந்நிலையத்தில் இத்தகைய விபத்து நிகழ்ந்திருந்தது. அதனையடுத்துச் செப்டம்பர் 14 ஆம் நாள் கூடிய பாராளுமன்றக் கூட்டத்தொடரில் கேள்வி நேரம் இல்லை. எழுத்து வடிவ வினாக்களுக்கு எழுத்து வடிவ விடைகள் மட்டுமே தரப்பெற்றன. எழுத்து வடிவ விடைக்குத் துணைவினா இல்லை. ஆதலின் எழுந்து நின்று அமைச்சரை மடக்கிக் கேட்கும் வாய்ப்பும் இல்லை. மாடத்திலும் செய்தியாளர் சிலரே. அவ்வாண்டின் குளிர்காலக் கூட்டத்தொடர் நடைபெறவே இல்லை. நெய்வேலி தன் உடைமையாளரிடம் உரத்த குரலில் வினவ வேண்டிய ஆண்டில், வினவும் நேரமும் குன்றிற்று. அதனைக் கேட்போர் தொகையும் குன்றிற்று. இதனை எவரும் திட்டமிட்டனர் என யாம் கூறவில்லை. நோய் வந்தது, நேரமும் இருக்கைகளும் குறைந்தன. விளைவு மட்டும் மறுக்கற்பாலதன்று.

நோயின் கடுமை தணிந்து, கடைகளும் திரையரங்குகளும் திறந்த பின்னரும் மாடத்தின் கட்டுப்பாடு நீங்கவில்லை. குலுக்கல் முறையால் சிலரே உள்ளே விடப்பெற்றனர். 2021 டிசம்பர் 2 ஆம் நாள் தில்லியில் பத்திரிகையாளர் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். ஈண்டு உத்தரமேரூர் நினைவிற்கு வருதல் இயல்பே. அங்கே குலுக்கல், ஆள்வோரைத் தேர்ந்தெடுப்பதற்கு. அதனை யாவரும் கண்டனர். இங்கே குலுக்கல், காண்போரைத் தேர்ந்தெடுப்பதற்கு. செய்தியாளர் பலரைத் தில்லியில் வைத்துள்ள பெரிய இதழுக்கு ஒருவர் பெயர் விடுபடினும் மற்றொருவர் பெயர் வரலாம். ஒருவரையே வைத்துள்ள மாநில மொழி இதழுக்கு அவ்வொருவர் பெயர் விடுபடின் அன்று அவையே இல்லை. ஆகவே குறுகிய வாயில் எல்லோர்க்கும் ஒரே அளவாகக் குறுகுவதில்லை.

2023 மே 28 ஆம் நாள் புதிய பாராளுமன்றக் கட்டடம் திறக்கப்பெற்றது. அவ்வாண்டு டிசம்பர் 13 ஆம் நாள் பார்வையாளர் மாடத்திலிருந்து இருவர் மக்களவைக்குள் குதித்துப் புகைக்குப்பிகளை வீசினர். பார்வையாளர் சீட்டு நிறுத்தப்பெற்றது, காவல் இறுகிற்று. 2024 மே மாதத்தில் பாராளுமன்ற வளாகத்தின் காவலை மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை ஏற்றது. 1968 இன் சட்டத்தால், பொதுத்துறைத் தொழிலகங்களைக் காத்தற்கென அமைந்தது அப்படை. நெய்வேலிச் சுரங்கத்தின் வாயிலில் நிற்பதும் அதுவே. சுரங்க வாயிலும் பாராளுமன்ற வாயிலும் ஒரு படையின் காவலில் வந்தமை வரலாற்றின் ஒரு விந்தை. சுரங்கத்தில் ஆளற்றவர் புகாமை நன்று. அங்கே உயிருக்கு இடர் உண்டு. அவையின் வாயிலிலோ காவலர் இரு கடமைகளை ஆற்ற வேண்டும்: தீயோரைத் தடுத்தல் ஒன்று, உரியோரை விடுத்தல் மற்றொன்று. அப்படை உள்துறை அமைச்சின் ஆட்சிக்கு உட்பட்டது என்பதை நோக்கும்பொழுது, 1929 இல் பட்டேல் வற்புறுத்திய கொள்கை இன்று மீண்டும் எண்ணத்தக்கதாகின்றது.

2024 சூலையில் வளாகத்துச் செய்தியாளர் கண்ணாடித் தடுப்பினுள் நிற்குமாறு வரையறுக்கப்பெற்றனர். சூலை 29 ஆம் நாள் எதிர்க்கட்சித் தலைவர் இராகுல் காந்தி இதனை மக்களவையில் எழுப்பினார்.

ஒரு மறுப்பும் விடையும்

அவை நடவடிக்கைகள் தொலைக்காட்சியில் நேரே ஒளிபரப்பாகும் இக்காலத்தே மாடம் எதற்கு என்பார் உளர். இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. 1994 முதல் கேள்வி நேரம் நேரடியாக ஒளிபரப்பாயிற்று. 2006 இல் மக்களவைக்கெனத் தனி அலைவரிசை தோன்றிற்று. 2021 இல் இரு அவைகளின் அலைவரிசைகளும் ஒன்றாயின. தமிழ்நாட்டுச் சட்டசபையின் கேள்வி நேரம் 2022 சனவரியில் ஒளிபரப்பாகத் தொடங்கிற்று. நெய்வேலியின் வீட்டுக் கூடத்திலிருந்தே அவையைக் காணலாம் என்பது பெரும்பேறே.

ஆயினும் ஒளிப்படக் கருவி நோக்கும் திசையை நோக்குபவர் தேர்ந்தெடுப்பதில்லை. அவையின் அலுவலர் தேர்ந்தெடுக்கின்றனர். பேசுவோரின் முகம் தெரியும். காலியாகக் கிடக்கும் வரிசை தெரியாது. 2014 பிப்ரவரி 18 ஆம் நாள் தெலங்கானா மசோதா மக்களவையில் நிறைவேறிய வேளையில் ஒளிபரப்பு நின்றுவிட்டது. தொழில்நுட்பக் கோளாறு என விளக்கம் கூறப்பெற்றது. காரணம் எதுவாயினும் ஆகுக. அந்நேரத்தில் அவையில் நிகழ்ந்ததை நாடு அறிந்தது அங்கிருந்தோர் கண்டு கூறியதாலேயே. மேலும், வினா விடைகள் முடிந்தபின் அமைச்சரையும் உறுப்பினரையும் அணுகி ஐயம் தெளிதல் கருவியால் இயலாது. ஆதலின் கருவி மாடத்திற்குத் துணையாகலாம்; மாற்றாகாது.

முடிவுரை

இவ்வாராய்ச்சியாற் போந்த முடிவுகளைச் சுருங்கக் கூறுவோம். கூறும் உரிமையை இந்திய மக்கள் 1956 இற் பெற்றனர். 1975 இல் இழந்தனர். 1978 இல் அரசியலமைப்பிலேயே நிலைநாட்டினர். காணும் வாய்ப்போ அயலார் என்னும் பழஞ்சொல்லின் நிழலில், தலைவரின் ஆணையையே சார்ந்து நிற்கின்றது. நோய் வந்தபொழுதும் காவல் இறுகியபொழுதும் கட்டடம் மாறியபொழுதும் முதலிற் குறுகியது அவ்வாய்ப்பே. காணாத ஒன்றைக் கூறுதல் இயலாது. ஆகவே வாயில் குறுகுமிடத்து, அரசியலமைப்பு காத்த கூறும் உரிமையும் பொருளற்றுப் போகின்றது.

அவைத்தலைவரின் அதிகாரத்தை நீக்குதல் வேண்டும் என யாம் கூற வரவில்லை. இருக்கைகள் எல்லையுடையன, காவல் இன்றியமையாதது. அவ்வதிகாரம் எழுத்து விதியின்படி இயங்குதல், சீட்டு மறுக்கப்பெறின் காரணம் கூறுதல், இடர்க்காலத்துக் கட்டுப்பாட்டிற்கு முடிவுநாள் குறித்தல் என்னும் மூன்றும் அமையின் போதும். உத்தரமேரூரார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஓலை எடுக்கும் முறையை ஒவ்வொரு படியாகக் கல்லில் வெட்டி வைத்தனர். சீட்டு வழங்கும் முறையை வரையறுத்தல் நமக்கு அரிதாகாது.

செய்தியாளர் சீட்டில் அவர் பெயர் எழுதப்பெற்றிருக்கின்றது. அவர்தம் ஒளிப்படமும் ஒட்டப்பெற்றிருக்கின்றது. ஆயினும் அதன் உண்மை உடைமையாளர், இரவுப் பணி முடித்து வீடு திரும்பிக் காலைச் செய்தித்தாளை விரிக்கும் நெய்வேலித் தொழிலாளரே. அவர் தில்லிக்குச் செல்லவில்லை, செல்லவும் இயலாது. அவர் சார்பில் ஒருவர் அம்மாடத்தில் அமர்ந்திருக்கும் வரையிலேதான் அவர் அவைக்கு அயலார் அல்லர்.